ஏழாவது மாடியில் சாய்ந்த கட்டில்

பால் பொங்கி முடிந்தது. சாமி படத்துக்கு முன்னால் என் மேசையைப் போட்டு, அதன் மேல் வெற்றிலை, பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம் வைத்தோம். பழம் ஒரு நொடி யோசித்தது. பிறகு மெதுவாக உருண்டு, மேசை விளிம்புக்குப் போய், பொத்தென்று தரையில் விழுந்து, சுவரில் முட்டி நின்றது.

என் மகன் முத்து எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர் வைத்தார். அவர் கையை எடுக்கும் முன்பே அது கிளம்பிவிட்டது.

"வீட்டுல என்னமோ இருக்குட்டி," என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது.

"வீட்டுல ஒண்ணும் இல்ல. வீடே கோணல்," என்றேன் நான்.

இந்த ஒரு பேச்சுக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

தாராவியில் எங்கள் சந்து வீடுகளை ரோட்டுக்காக இடித்தபோது, அதற்குப் பதிலாகச் செம்பூர் பக்கம் கிடைத்த வீடு இது. ஏழாவது மாடி. லிப்ட் உண்டு. வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் உண்டு. பழைய ரூமிலிருந்து நான் கொண்டுவந்தது நான் என் கையால் அடித்த மரச்சாமான்களை மட்டும்தான். கட்டில், மேசை, பாத்திர ரேக், ஒரு முக்காலி. மற்றதெல்லாம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். இவற்றை வாங்க முடியாது.

உல்லாஸ்நகர் வாசகருக்கு

கதைக்கு நடுவில் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் வாராவாரம் எழுதும் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, உல்லாஸ்நகரிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். "அம்மா, கட்டிய கணவரைப் பற்றிப் பத்திரிகையில் இப்படியெல்லாம் எழுதலாமா? அவர் படித்தால் மனம் புண்படாதா?"

ஐயா, அவர் வாராவாரம் படிக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறார். "நான் பேசினதுல பாதிய விட்டுட்டியே, மீதிய எப்போ போடுவ?" என்று கேட்கிறார். அவர் மனம் அவ்வளவு சுலபமாகப் புண்படாது. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் என்ஜின் பிரித்த மனுஷன்.

முத்துவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பத்திரிகையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, "மம்மி, என்னைப் பத்தி க்யா லிகா?" என்பான். நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருபது வருஷமாக ஒரே சண்டைதான். புளி. இவர் படுத்தால் நெஞ்செரிச்சல். எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இன்னைக்கும் புளிய அள்ளிக் கொட்டிட்டா" என்பார். நான் கொஞ்சம்தான் விட்டேன் என்பேன். அவர் நிறைய என்பார். பக்கத்து ரூமிலிருந்து சுவரைத் தட்டுவார்கள். இந்தச் சண்டை கீழே வரப் போகிறது. அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

தச்சர் விட்டுப் போன பென்சில்

நான் தச்சு வேலை யாரிடமும் படிக்கவில்லை. தோல் பை தைக்கிற கார்கானாவில் எனக்கு வேலை. இருபது வருஷத்துக்கு முன்னால், தாராவி ரூமுக்கு ஒரு கட்டில் செய்யச் சொல்லித் தச்சர் ஒருவரை அழைத்தோம். வந்தார், அளந்தார், டீ குடித்தார், போனார். அடுத்த வாரம் வந்தார், மறுபடி அளந்தார், டீ குடித்தார். மூன்றாம் தடவை அளவு நாடாவை எடுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அளந்துக்கிட்டே இருந்தா ரூம் பெருசாவுமா?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். காதில் செருகியிருந்த பென்சில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. அந்தப் பென்சிலில்தான் நான் ஆரம்பித்தேன்.

மரத்துக்குக் காதர் பாய். ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு சீத்தா கேம்ப், கடை எங்கள் சந்துக்குப் பின்னால். வெளிநாட்டிலிருந்து மிஷின்கள் வருகிற பெட்டிகளைப் பிரித்துப் பலகையாக விற்பார். வெள்ளை வெளேரென்று மரம், சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை.

"எதுக்குக்கா பலக?" என்று கேட்டார்.

"கட்டிலுக்கு."

"யாரு அடிக்கா?"

"நான்தான்."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். நான் அசையாமல் நின்றேன். பிறகு அவரே உள்ளே போய் ஒரு ரம்பத்தை எடுத்து வந்து கையில் கொடுத்து, "கைய அறுத்துக்காம திருப்பித் தாங்க" என்றார். தோல் வெட்டுகிற கைக்கு மரம் பெரிய விஷயமில்லை. தோலாவது நழுவும். மரம் சொன்ன இடத்தில் கிடக்கும்.

கட்டிலின் இரண்டு பக்கப் பலகையிலும் பெட்டியில் அச்சடித்திருந்த படங்கள் அப்படியே இருந்தன. ஒரு கண்ணாடிக் கிளாஸ், ஒரு குடை, மேலே பார்த்து இரண்டு அம்புக்குறி. கிளாஸ் என்றால் உடையும் சாமான், குடை என்றால் நனையக் கூடாது, அம்பு என்றால் இந்தப் பக்கம் மேலே. பாய்தான் விளக்கம் சொன்னார். நின்ற பலகையை நான் படுக்கப் போட்டதில் அம்பு இரண்டும் தலைமாட்டைக் காட்டின. இழைத்துத் தேய்த்துவிடலாம் என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான் வேண்டாம் என்றார்.

"உடையும் சாமான்னு போட்டிருக்குல்லா. அப்பமாவது நீ என்ன அடிக்க மாட்ட."

தட்டில் தண்ணீர்

தாராவி ரூமைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மூலையில் மோரி இருக்கும். குளிப்பது, பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது எல்லாம் அந்த மூலையில்தான். தண்ணீர் ஓட வேண்டும் என்று தரையை மோரிப் பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். எங்கள் ரூமில் மழைத் தண்ணீர் புகுந்து புகுந்து மண் இறங்கி, சரிவு இன்னும் கூடியிருந்தது. கீழே விழுந்த எதையும் நாங்கள் தேடியதில்லை. நேரே மோரிக்குப் போனால் அங்கே இருக்கும்.

இந்தத் தரையில் சாமான் நேராக நிற்க வேண்டுமே. அதற்கு நான் கண்டுபிடித்த வழி இதுதான். சாமானை அது நிற்க வேண்டிய இடத்திலேயே வைப்பேன். மேலே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றுவேன். தண்ணீர் தட்டின் விளிம்பை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தொடும்வரை காலை அறுப்பேன். மோரிப் பக்கக் கால் நீளம், வாசல் பக்கக் கால் குட்டை. கட்டில் ஆறடி. அதன் தலைமாட்டுக் கால், கால்மாட்டுக் காலைவிட மூன்று விரல்கடை நீளம். டி.வி. வாசல் பக்கம் இருந்ததால், படுத்தபடி பார்ப்பதற்காக இவருக்குத் தலை மோரிப் பக்கம்.

அப்படி அறுத்த சாமானை ஒரு அடி நகர்த்தினாலும் ஆடும். அதனால் நாங்கள் நகர்த்தவே இல்லை. இருபது வருஷமும் மேசை மேசை இடத்தில், ரேக் ரேக் இடத்தில். நகர்த்தாததால் கால் அறுத்த கதையே எனக்கு மறந்துபோயிற்று.

அறுத்தவள் நான். மறந்தவளும் நான். புது வீட்டில் எலுமிச்சம்பழம் உருண்டபோது, திட்டினது மட்டும் கட்டடத்தை.

செக்ரெட்டரியும் என் வாயும்

மறுநாளே எங்கள் சொசைட்டி செக்ரெட்டரி பாட்டீலைப் பிடித்தேன். லிப்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பில்டிங் ஏக்தம் ஸீதா ஹை, மாவுஷி," என்றார். நேராகத்தான் இருக்கிறது சித்தி, என்று அர்த்தம்.

"ஸீதான்னா லிம்பு ஏன் கீழே விழுது?"

"லிம்புவா?"

அவருக்கு எலுமிச்சம்பழம் பிரச்சினை புரியவில்லை. வீட்டுக்குள் கூப்பிட்டுக் காட்டினேன். மேசையில் வைத்தேன், உருண்டது. ரேக்கில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்தேன், அதுவும் உருண்டது. பாட்டீல் குனிந்து தரையைப் பார்த்தார். தரையில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "உங்கள பாத்துப் பயந்து நிக்குது" என்றேன்.

என் ஹிந்தி அடிக்கிற ஹிந்தி. அது யாருக்கும் புரியாமல் போனதில்லை. நான் போட்ட சத்தத்தில் அந்த மாடியின் நாலு கதவும் திறந்தன. ஆள் சேர்ந்தால் எனக்குப் பேச்சு கூடும். அன்றும் கூடியது.

"இந்தக் கட்டடம் நேரா இருந்தா, என் கையால அடிச்ச சாமான் அத்தனையையும் நானே வெளிய தூக்கிப் போடுதேன்!"

"நாலு பேரு கேட்டாச்சு," என்று என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து சொன்னார். அவருக்கும் முத்துவுக்கும் அந்தச் சாமான்களை ஒழித்துக்கட்ட வெகுநாளாகவே ஆசை. புது வீட்டுக்குப் புது பெட் வேண்டுமாம்.

பாட்டீல் ஆள் அனுப்புகிறேன் என்றார். ஒரு மாதம் போல ஆளே வரவில்லை. நான் தினமும் கேட்டேன். லிப்டில் என்னைப் பார்த்தால் அவர் படியில் ஏறிப் போக ஆரம்பித்தார்.

அந்த மாதம் முழுவதும் இவர் சாய்ந்த கட்டிலில்தான் படுத்தார். தலை மேட்டில், கால் பள்ளத்தில். காலையில் எழும்போது கால்மாட்டில் சுருண்டு கிடப்பார். "கட்டிலாட்டி இது, சறுக்குமரம்" என்று திட்டுவார். ஆனால் டீ குடித்துக்கொண்டே இன்னொன்றும் சொல்வார்.

"ஏழாவது மாடி காத்து நல்லாதாம்ட்டி இருக்கு. நெஞ்சு எரியவே இல்ல பாத்தியா."

"புளி அதே புளிதான்," என்றேன்.

"காத்து அப்படி. புளியவே அமுக்கிட்டு."

டியூபில் தண்ணீர்

பாட்டீலை நம்பிப் பயனில்லை என்று கடைசியில் காதர் பாயை நானே கூப்பிட்டேன். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற நீளமான டியூபில் தண்ணீர் நிறைத்துக்கொண்டு வந்தார். பாட்டீலும் வந்தார். நாலு கதவும் மறுபடி திறந்தன.

டியூபின் ஒரு முனையை நான் சுவரோடு பிடித்தேன், இன்னொன்றை எதிர்ச்சுவரில் பாய் பிடித்தார். தண்ணீர் நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் பென்சில் கோடு. அந்தத் தச்சர் விட்டுப் போன பென்சில்தான், இப்போது கட்டைவிரல் நீளம். கோட்டிலிருந்து தரைக்கு அளந்தோம். இரண்டும் ஒரே அளவு. குறுக்கே பார்த்தோம். ஒரே அளவு.

நான் டியூபை உதறினேன். "டியூபு கோணல்."

பாய் மெதுவாகச் சொன்னார். "யக்கா, உங்க மேச கெழக்க சாயுது. ரேக்கு மேக்க சாயுது. கட்டில் தெக்க. ஒரு கட்டடம் ஒரே நேரத்துல மூணு பக்கமும் எப்படிக்கா சாயும்?"

அவர் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நாலு கால். இரண்டு நீளம், இரண்டு குட்டை. ஒவ்வொரு காலின் அடியிலும் என் ரம்பம் போன தடம்.

மோரி, தட்டு, தண்ணீர் எல்லாம் அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது.

"க்யா ஹுவா, மாவுஷி?" என்று பாட்டீல் கேட்டார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டு அதில் தப்பித்திருப்பேன்.

ரேக்கில் இருந்த பாத்திரத்தையெல்லாம் தரையில் இறக்கினேன். ரேக்கைத் தூக்கிப் பாசேஜில் வைத்தேன். மேசை, முக்காலி. கட்டிலுக்கு மட்டும் ஆள் வேண்டியிருந்தது. முத்து ஒரு பக்கம் பிடித்தான்.

"மம்மி, மஜாக்தான, வெளையாட்டுக்குத்தான சொன்ன," என்றான். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நாலு பேரு கேட்டாச்சுல்லா," என்றேன்.

கால் அறுத்துச் சரி செய்திருக்கலாம். ஒரு மணி நேர வேலை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை கைவண்டி கொண்டுவந்து எல்லாவற்றையும் எடுத்துப்போய்ப் பலகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று பாயிடம் சொல்லிவிட்டேன். பாட்டீலும் பாசேஜில் சாமான் ஞாயிறு வரைதான் இருக்கலாம் என்றார். அந்த வாரம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் லிப்ட் கதவைப் பார்த்தபடியே நடந்தேன். கட்டில் பக்கம் திரும்பவில்லை.

பெட்டிக் கட்டில்

முத்து போனில் தட்டிய மறுநாளே பெட் வந்தது. அதற்குக் கால் கிடையாது. பெட்டி மாதிரி தரையோடு உட்காரும், மேல் மூடியைத் தூக்கினால் உள்ளே போர்வை வைக்கலாம். நான் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். மரத்தூளைப் பசையில் குழைத்து ஒட்டின பலகை. மேலே மரம் மாதிரி காகிதம்.

இவர் மெத்தையில் படுத்துப் புரண்டார். "இதாம்ட்டி கட்டில்."

அன்றைக்கே நெஞ்செரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

"புளி!" என்றார்.

மறுநாள் புளியை நிறுத்தினேன். தக்காளி ரசம். எரிந்தது. அடுத்த நாள் மோர் சாதம். எரிந்தது. அதற்கும் அடுத்த நாள் இட்லியும் சீனியும் வைத்தேன். எரிந்தது.

"சீனியில புளி போட்டேனா?" என்று கேட்டேன்.

"பாத்திரத்துல பழைய புளி ஒட்டியிருக்கும்," என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் கீழே இருக்கிற கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், நாலு கேள்வி கேட்டாள். மாத்திரை எழுதிவிட்டு, "சாப்பிட்ட ஒடனே படுக்காதீங்க. படுக்கும்போது தலைப்பக்கம் மேல இருக்கணும். தலையணை வெக்கறது போதாது. கட்டிலோட தலைமாட்டையே ரெண்டு செங்கல் வெச்சுத் தூக்குங்க" என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

லிப்டில் ஏழாவது மாடிக்கு வந்து இறங்கினோம். பாசேஜில் கட்டில் நின்றது. வழவழவென்ற நேர்த் தரையில், தலைமாடு மூன்று விரல்கடை உயர்ந்து, சுவரோரமாக.

வீட்டுக்குள் போனதும் முத்துவும் அவரும் பெட்டிக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கிச் செங்கல் வைத்தார்கள். ஒரு சத்தம் கேட்டது. பிஸ்கட் உடைகிற சத்தம். பெட்டியின் ஒரு மூலை பிளந்து, உள்ளே இருந்த போர்வை எட்டிப் பார்த்தது.

நான் அடுப்படியில் இருந்தேன். சிரித்தேன் என்று முத்து சொல்கிறான். அது தும்மல்.

எழுந்திருக்க மாட்டேன் என்ற மனுஷன்

ஞாயிற்றுக்கிழமை காலை காதர் பாய் சுத்தியலோடும் கயிற்றோடும் மேலே வந்தார். பெல் அடித்தார். கதவைத் திறந்தேன்.

"யக்கா, சாமான எடுக்கலாம்னு வந்தேன். ஆனா அண்ணாச்சி அதுல படுத்திருக்காரே."

எட்டிப் பார்த்தேன். பாசேஜில், லிப்டுக்குப் பக்கத்தில், வெறும் பலகையில், இவர் கையைத் தலைக்கு வைத்து, கண்ணை மூடிப் படுத்திருந்தார். லிப்ட் திறந்தது. பாட்டீல் வெளியே வந்து நின்றார். எதிர் வீட்டு அம்மா பால் பாக்கெட்டோடு நின்றாள்.

"எந்திரிங்க. பாய் நிக்காரு," என்றேன்.

"எந்திரிக்க முடியாது."

"பந்தயத்துல தோத்த சாமான். போகட்டும்."

"தோத்தது நீ. படுக்கிறவன் நான். என்னட்ட யாராவது கேட்டாங்களா?"

கட்டில் போகக் கூடாது என்று அந்த மாடியிலேயே அதிகமாக நினைத்தவள் நான். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேருக்கு முன்னால் நானே கத்தின வார்த்தை.

"பாய், பலகையப் பிரிங்க," என்றேன். "ஆளோட சேத்துப் பிரிச்சாலும் சரி."

காதர் பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். "யக்கா, ஒரு வெவரம். நீங்க வெளிய போட்டாச்சு. நான் எடுத்துக்கிட்டேன். சரிதான?"

"சரிதான்."

"அப்போ இது என் கட்டில். என் கட்டில யாருக்குக் குடுக்கணும்னு நான்தான சொல்லணும்? அண்ணாச்சிக்குக் குடுத்தாச்சு."

பாட்டீலுக்கு முத்து ஹிந்தியில் விளக்கினான். பாட்டீல் கொஞ்சம் யோசித்து, "பராபர் ஹை" என்று தலையாட்டினார். செக்ரெட்டரியே சரி என்ற பிறகு அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் சும்மா விடவும் மனசு வரவில்லை.

"உள்ள வரணும்னா அதுக்கு முன்னால இவரு ஒண்ணு சொல்லணும்," என்றேன். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

இவர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன சொல்லணும்?"

"இருபது வருஷமா நெஞ்சு எரிஞ்சது எதுனால?"

அவர் எதிர் வீட்டு அம்மாவைப் பார்த்தார், பாட்டீலைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். ஒருவரும் உதவவில்லை.

"புளியினால இல்ல," என்றார்.

"சத்தமா."

"புளியினால இல்லட்டி! போதுமா! தூக்குங்கப்பா!"

அவர் இறங்கவில்லை. அவரை அப்படியே வைத்து முத்துவும் பாயும் கட்டிலைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். பாட்டீல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

மேசையும் ரேக்கும் முக்காலியும் பாயோடு போயின. அதில் நான் ஏமாற்றவில்லை. அதே பலகையைப் பிறகு அவர் கடையில் வாங்கி வேறு மேசை அடித்தேன். எலுமிச்சம்பழம் நிற்கிறது. உடைந்த பெட்டிக் கட்டிலில் மூலைக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்து முத்து படுக்கிறான். அவன் போனில் தட்டினது, அவன்தான் படுக்க வேண்டும்.

கட்டிலின் காலை நான் அறுக்கவில்லை. சறுக்காமலிருக்கக் கால்மாட்டில் ஒரு குறுக்குக் கட்டை மட்டும் அடித்தேன். அடிக்கும்போது பக்கப் பலகை கண்ணில் பட்டது. இரண்டு அம்பும் தலைமாட்டைக் காட்டிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் மேலே. இருபது வருஷமாக அங்கேயேதான் எழுதியிருந்தது.

அந்த ஞாயிறு மத்தியானமே சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, அவர் அதில் படுத்தார். டாக்டரம்மா சொன்னபடி தலை மேலே, கால் கீழே. ஐந்து நிமிஷத்தில் குறட்டை.

அன்றைய குழம்பில் புளியைக் கொஞ்சம் தூக்கலாகவே விட்டிருந்தேன்.